இரு பக்கமும் இறக்கம்

மார்ச் 12, வியாழன்.

நேற்று மாலை வகுப்புக்கு ஓடும் அவசரத்தில், கடலோரப் பூங்காவின் பாறைப் பாதைக்கு, என் மேற்பார்வையாளரைக் கேட்காமலேயே ‘எளிது’ என்று பச்சைப் பலகை எழுதிவிட்டேன். கேட்காதது தப்புதான். எழுதியதும் தப்போ என்று தூக்கம் வரவில்லை.

“கடலுக்கு இறங்குற பாதைம்மா அது. திரும்பி ஏறுறப்ப நாக்கு தள்ளிரும். சிவப்புல ‘கடினம்’னு எழுது,” என்றார் அவர் இன்று.

“திரும்பி வர்றதும் இறக்கம்தான் சார். நடந்து பாத்துட்டுத்தான் எழுதினேன்.”

“வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா உனக்கு?”

என்னோடு நடந்தார். போகும்போது பாதி வழியில் என் தண்ணீர் பாட்டிலைத் தரையில் படுக்க வைத்தேன். அது கடல் பக்கம் உருண்டது. அலையில் கால் நனைத்துவிட்டுத் திரும்பும்போது அதே இடத்தில் வைத்தேன். வாசல் பக்கம் உருண்டது.

“காத்து தள்ளுது,” என்றார். புல்கூட அசையவில்லை.

வாசலுக்கு வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கவில்லை. “பேசாம சிவப்புன்னு எழுதிடு. வேலை நிரந்தரம் ஆகணுமா வேண்டாமா?”

வழக்கமாக இந்த இடத்தில் “சரி சார்” என்றுவிடுவேன்.

“நடந்ததைத்தான் சார் எழுதுவேன்.”

அவர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பாதை எங்கள் காலடியிலிருந்து மேலே ஏறிப் போயிற்று. அதன் உச்சியில், எங்கள் தலைக்கு மேலே, அலை அடித்துக்கொண்டிருந்தது.

நாளைய வேலை: காலையில் பூங்கா திறந்ததும் பச்சைப் பலகையை ஆணியடித்து மாட்ட வேண்டும்.