எலியார் வீட்டு விருந்தாளிகள்

மலைப் பூங்காவின் மரக்குடிலில் ஓர் எலியார் குடியிருந்தார். குடில் தனக்குச் சொந்தம், வாடகைக்கு வருகிறவர்களெல்லாம் தன் விருந்தாளிகள் என்பது அவர் எண்ணம். ஆனால் அந்த மார்கழியில் வந்த எவரும் இரண்டாம் நாள் தங்கவில்லை. அது அவருக்குப் பெரிய தலைகுனிவாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு தம்பதி வந்து இறங்கினார்கள்.

“இவங்களாவது ஞாயிறு வரைக்கும் இருப்பாங்களா அண்ணாச்சி?” என்று கூரையிலிருந்து அணில் சீண்டியது.

“இருப்பாங்க பாரு. இந்தத் தடவை உபசாரத்துல ஒரு குறை வைக்க மாட்டேன்.”

சொன்னபடியே செய்தார். இரவில், அவர்கள் கொண்டுவந்த ரொட்டி கெட்டுப்போயிருக்குமோ என்று ஒவ்வொரு துண்டையும் ஒரு கடி கடித்துப் பார்த்தார். விடிந்ததும், கம்பளி காலை மூடியிருக்கிறதா என்று மேலேறி நடந்து பார்த்தார். அந்த அம்மாள் வீறிட்டாள். பாவம், குளிர் தாங்கவில்லை என்று நினைத்து, அவள் கழுத்துவரை கம்பளியை இழுத்துவிடப் போனார்.

அரைமணி நேரத்தில் பெட்டிகள் காரில் ஏறிவிட்டன.

“ஓடிட்டாங்களே!” என்று அணில் விழுந்து விழுந்து சிரித்தது.

எலியாரின் முகம் வாடிப்போனது. அப்போது அந்த மனிதர் காரிலிருந்து இறங்கி வந்து, ரொட்டிப் பொட்டலத்தைப் படியில் வீசிவிட்டுப் போனார்.

எலியார் மீசையை நீவிக்கொண்டார்.

“பாத்தியா, வெறுங்கையோட போக அவங்களுக்கு மனசு வரல. கவனிப்பு அப்படி! அடுத்து வர்றவங்களுக்குத் தலைமாட்டுலயே படுத்துக்கிட்டுக் கவனிக்கப்போறேன்.”