இருபத்து மூன்றாம் அறையின் நேயர்கள்

டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டக்.

வெளியிலிருந்து யாரோ கதவை மெல்லத் தள்ளிப் பார்த்தார்கள். கொண்டி ஆடி நின்றது. ராபியா ஐந்து மாதக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, விடியும் வரை உட்கார்ந்தே இருந்தாள். கணவன் ஜமாலுக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட்.

காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வந்ததும் குழாயடியில் அழாக்குறையாகச் சொன்னாள்.

"அவுக வர ஏழு மணியாவும். ராத்திரி பூரா நானும் புள்ளையும் தனியாத்தான் கெடக்கோம். சனிக்கிழமை வரைக்கும் எப்புடித்தான் கழியப்போவுதோ."

செம்பூர் ஹவுசிங் போர்டு கட்டடத்தில் குழாயடி என்றால் நாற்பது குடம், நாற்பது பேர். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். வரிசையின் கடைசியில் லுங்கியோடு பல் தேய்த்துக்கொண்டிருந்த திருவேங்கடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டுப் போய்விட்டார்.

"பாத்தியா? ரேடியோவுலன்னா தேனா ஒழுகும். நேர்ல ஒரு வார்த்தை வருதா?" என்றாள் பக்கத்து அறை மீனாட்சியம்மாள்.

திருவேங்கடம் மூன்றாம் மாடிக்காரர். பகலில் ஃபோர்ட் பகுதியில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா வேலை. வாரத்தில் இரண்டு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு ரேடியோவில் தமிழ்ப் பாட்டு நிகழ்ச்சி. நேயர்கள் கடிதம் போட்டுக் கேட்கிற பாட்டுகளை, அவர்கள் பெயரை வாசித்துவிட்டுப் போடுவார். அந்த நேரத்தில் கட்டடத்தின் எல்லா ரேடியோவும் ஒன்றாகப் பாடும்.

அன்றைக்கும் பாடியது. நடுவில் அந்தக் குரல்.

"அடுத்த பாடலை விரும்பிக் கேட்டவர்கள், செம்பூர், ஏழாம் எண் கட்டடம், அறை இருபத்து மூன்றிலிருந்து ஜமால், அவருடைய அண்ணன் அப்துல் வாஹித், தம்பி நாகூர் கனி. அண்ணனும் தம்பியும் தினமும் ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்து கேரம் ஆடுகிறார்களாம். நல்லது, ஆடுங்கள்."

ராபியா பால் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு ரேடியோப் பக்கம் திரும்பினாள்.

ஜமால் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அந்த வீட்டில் கேரம் போர்டும் கிடையாது.

மீனாட்சியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, வீட்டுக்கு விருந்தாள் வந்திருக்கா? சொல்லவே இல்லியே."

"யாரும் வரலக்கா. அவரா என்னத்தையோ வாசிக்காரு."

"கடுதாசி பத்தலன்னா வாயில வந்த பேரை அடிச்சு விடுவாரு அந்த மனுசன். போன மாசம் என் பேரை வாசிச்சு, எங்கேயோ முலுண்டுல குடி வச்சாரு. அது போகட்டும். ஆனா, புருசன் நைட் ஷிப்ட் போன நேரத்துல வீட்டுல ரெண்டு ஆம்பளைன்னு..."

மிச்சத்தைச் சொல்லாமல் போய்விட்டாள். சொல்லியிருந்தாலே தேவலை.

நேற்றுவரை பயம் மட்டும்தான். இப்போது மானமும் சேர்ந்துகொண்டது. ஜமால் காதுக்கு இது எந்த ரூபத்தில் போய்ச் சேருமோ. ராபியா குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னாலேயே நின்றாள்.

பத்தே முக்காலுக்குப் படியில் செருப்புச் சத்தம். ரேடியோ நிலையத்திலிருந்து வி.டி. ஸ்டேஷன் வரை நடந்து, அங்கிருந்து ஹார்பர் லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே வந்த கால்கள். ராபியா கதவைத் திறந்தாள்.

"அண்ணே, நில்லுங்க."

"முதல்ல ஒரு கிளாஸ் தண்ணி குடும்மா" என்று சுவரில் சாய்ந்தார் திருவேங்கடம். "இன்னைக்கு மட்டும் அறுபத்தெட்டு பேரை வாசிச்சேன். கல்யாண் ஸ்டேஷன் பக்கம் ஒரு குடும்பம். பாட்டு மூணு நிமிஷம், அவங்க பேரு நாலு நிமிஷம். பொறக்கப்போற குழந்தைக்கும் சேர்த்துப் பேர் எழுதி அனுப்பியிருக்காங்க."

ராபியா சிரிக்கவில்லை. தண்ணீரை மட்டும் கொடுத்தாள்.

"அதான் இத்தனை பேரு எழுதுதாகள்ல. பொறவு எழுதாதவுக பேரை ஏன் வாசிச்சீக? எங்க வூட்ல ஏது அண்ணன், ஏது தம்பி?"

"அண்ணன் பேரு ஸ்டேஷன் பக்கத்து சைக்கிள் கடை போர்டுல இருந்தது. தம்பி எங்க ஆபீஸ் பியூன்."

"ஒங்களுக்கு வெளையாட்டா இருக்கு. நாளைக்கு நாலு பேரு நாலு விதமா பேசுவாக."

"பேசட்டும்னுதாம்மா வாசிச்சேன்."

திருவேங்கடம் கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ராத்திரி கதவைத் தள்ளினவன் வெளியாள் இல்ல. எந்த வாரம் நைட் ஷிப்ட்னு தெரிஞ்சவன். அவன் வீட்டுலயும் ஒரு ரேடியோ இருக்கும். சனிக்கிழமை வரைக்கும் தனியா இருக்கேன்னு நாப்பது பேர் நடுவுல நின்னு நீயே சொல்லிட்ட. அதை இல்லேன்னு ஆக்கணுமே. எனக்குத் தெரிஞ்சது மைக் ஒண்ணுதான்."

ராபியா தொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவுக காதுக்குப் போனா..."

"காலைல ஆபீஸ் போறப்ப ஜமாலைக் கட்டட வாசல்ல பார்த்து, கேட்டுட்டுத்தான் வாசிச்சேன். கேரம் அவன் குடுத்த ஐடியா. உங்கிட்ட சொல்ல வேண்டாம்னுட்டான். சொன்னா, அதையும் குழாயடியில சொல்லிடுவியாம்."

இரண்டு நாளில் முதல் தடவையாக ராபியாவுக்குச் சிரிப்பு வந்தது.

"அண்ணே, அடுத்த தடவை வாசிக்கையில அவுக சாச்சா ஒருத்தரையும் சேத்துக்கங்க. பயில்வானா இருக்கட்டும்."

"ஒரு கடுதாசி போடு, பார்க்கலாம்" என்றார் திருவேங்கடம், கொட்டாவியோடு.

ஆனால் படியேறவில்லை. ராபியா கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்ட சத்தத்தைக் கேட்ட பிறகுதான், அந்த அலுத்த கால்கள் மூன்றாம் மாடிக்கு நகர்ந்தன.