பாவாடையின் கீழ்மடிப்பு

ஏழு வயதில் காய்ச்சலில் போன மகள் இசக்கிப்பிரியாவைக் கன்னித் தெய்வமாகக் கும்பிட, தாராவி வீட்டில் டிவிக்கு மேலே பலகை அடித்துப் பெட்டி வைத்திருந்தாள் மாரிசெல்வி. அதற்குள் ஒரு பட்டுப்பாவாடை. முதல் வருடப் பூசைக்குப் புதுசு மாற்றத் திறந்தபோது, பழையதன் கீழ்மடிப்புப் பிரிந்து, பாவாடை இரண்டு விரற்கடை நீண்டிருந்தது.

"எலியா இருக்கும்ட்டி," என்றான் கணவன் பேச்சிராஜா.

அவள் பெட்டிக்குள்ளிருந்து சின்ன நூலுருண்டையை எடுத்துக் காட்டினாள். "எலி நூலச் சுத்தியா வைக்கும்?"

அவன் வாங்கிவந்த புதுப்பாவாடையைப் பழையதோடு வைத்துப் பார்த்தான். குட்டையாக இருந்தது.

மாற்றிவரக் கடைக்குப் போனார்கள்.

"எத்தன வயசுப் புள்ளைக்கு?" என்றார் கடைக்காரர்.

மாரிசெல்வி கணவனைப் பார்த்தாள். பேச்சிராஜாதான் சொன்னான்: "எட்டு நடக்கு, அண்ணாச்சி. கொஞ்சம் வளர்த்தியான புள்ள."