புல்லு வெட்டத் தேவையான சாமான்கள்

யாகப்பு புல்லு வெட்டும் தொழில் தொடங்கப்போவதாகச் சொன்னபோது முள்ளியவளையில் ஒருவரும் சிரிக்கவில்லை. இடம்பெயர்ந்து வந்தவனுக்கு மூளை கலங்குவது வழமைதான் என்று விட்டுவிட்டார்கள்.

கடற்கரையில் ஷெல் விழத் தொடங்கியபின் அவனுக்குக் கடல் இல்லை. வலை மட்டும் இருந்தது. அதையும் விற்று, வந்த காசில் புதுக்குடியிருப்புக் கடையொன்றில் இரண்டு அரிவாள், ஒரு மண்வெட்டி, புல்லை வாரிக் குவிக்க ஒரு விறாண்டி, கூர் தீட்ட ஒரு அரம் வாங்கினான். கடையில் கிடந்த கடைசிச் சாமான்கள் அவைதான். ஆமி அடுத்த லொறியை எப்போது உள்ளே விடும் என்று கடைக்காரருக்கும் தெரியாது, லொறிக்கும் தெரியாது. யாகப்பு மறக்காமல் பற்றுச்சீட்டும் வாங்கிக்கொண்டான்.

"மெசின் ஒண்டு வாங்கியிருக்கலாமே?" என்று மனைவி அற்புதம் கேட்டாள்.

"வாங்கலாம். பெற்றோலுக்கு ஆரிட்டப் போறது?"

வலையில் ஒரேயொரு மிதப்புக் கட்டையையும் கொஞ்சக் கயிற்றையும் மட்டும் அவன் விற்கவில்லை. ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்றான். அற்புதம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாரி மழை நின்று, வளவுகளில் புல் முழங்காலைத் தாண்டியிருந்தது. தைப்பொங்கலுக்குப் பன்னிரண்டு நாள். முற்றம் துப்புரவாக்காமல் பானை வைக்க முடியாது. தொழிலுக்கு இதைவிட நல்ல காலம் வராதென்று யாகப்பு வீடு வீடாகப் போனான்.

"எங்களிட்டக் கத்தி இருக்குத்தானே அண்ணை," என்றாள் நாகேஸ்வரி.

"எங்க, பாப்பம்."

மாட்டுக்கொட்டில் கூரையில் சொருகியிருந்த அரிவாளை உருவிக் காட்டினாள். யாகப்பு விரலால் தடவிப் பார்த்தான்.

"நல்ல இரும்பு. பத்திரமா வைச்சிருங்கோ தங்கச்சி."

ஊர் நிருவாகம் பார்க்கும் விதானையார் பரமலிங்கம் வீட்டிலும் அதே பதில். மற்ற ஒன்பது வீட்டிலும் அதே பதில். எல்லாரிடமும் கத்தி இருந்தது, எல்லாரும் எடுத்துக் காட்டினார்கள். ஐந்து நாளாகியும் ஒரு வளவுகூடக் கிடைக்கவில்லை. வீட்டில் அரிசி முடிந்து, அற்புதம் மூன்று வேளையும் மரவள்ளி அவித்தாள்.

ஆறாம் நாள் நாகேஸ்வரியின் அரிவாளைக் காணவில்லை. ஏழாம் நாள் விதானையாரின் மண்வெட்டி. எட்டாம் நாள் விடிந்தபோது, பதினொரு வீடுகளிலும் புல்லு வெட்ட நகவெட்டி மட்டுமே மிஞ்சியிருந்தது.

"களவு போனது புல்லு வெட்டிற சாமான். புல்லு வெட்டிற தொழில் தொடங்கினவன் ஆர்?" என்று விதானையார் கேட்டார். கேள்வி இலகுவாக இருந்ததால் ஊர் முழுக்க ஒரே விடை வந்தது.

பதினொரு வீடும் திரண்டு யாகப்புவின் கொட்டிலுக்குப் போனது. அகப்பட்டால் கொட்டிலைப் பிரித்து, அன்றைக்கே ஊரைவிட்டு அனுப்புவதென்று வழியிலேயே முடிவாகிவிட்டது.

"எடடா வெளியில, உன்ர சாமானை," என்றார் விதானையார்.

யாகப்பு எல்லாவற்றையும் பாயில் பரப்பினான். அந்த ஊரில் மாட்டுக்குச் சுடுகிற குறியையே கத்திப் பிடியிலும் சுட்டு வைப்பார்கள். எடுத்தவன் தப்ப முடியாது. விதானையார் ஒவ்வொரு பிடியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறி இல்லை. குறியைச் சீவிய தடமும் இல்லை. யாகப்பு பற்றுச்சீட்டை நீட்டினான். திகதி, முதல் களவுக்கு ஒரு கிழமை முந்தியது.

அதோடு விட்டுவிடவில்லை. கமக்காரர்கள் அல்லவா, மண் விடயத்தில் அவர்களை ஏமாற்ற முடியாது. அடுப்படியைக் கிண்டினார்கள். கூரைக் கிடுகைக் கிளப்பினார்கள். பின்பக்கத்துப் பற்றையை மிதித்து, குப்பைக்குழியைத் தோண்டினார்கள். அந்தோனியார் படம் ஒன்றும் ஏராளமான மரவள்ளித் தோலும் அகப்பட்டன.

அற்புதம் மூக்கை உறிஞ்சினாள்.

"தேடுறது உங்கட உரிமை ஐயா," என்றான் யாகப்பு. "இன்னும் எங்கயாவது கிண்டோணும் எண்டால் என்ர மண்வெட்டியையே தாறன்."

அதற்குப்பிறகு ஒருவராலும் மற்றவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நீர் ஒண்டும் மனசில வைச்சிருக்காதையும்," என்றார் விதானையார். கிண்டி முடித்ததில் மரியாதை கூடியிருந்தது. "பொங்கலுக்கு ஐஞ்சு நாள்தான் கிடக்கு. எங்கட வளவை ஒருக்கால்..."

"எங்கடதையும் அண்ணை," என்றாள் நாகேஸ்வரி. "கூலி கொஞ்சம் கூடவே தாறன்."

யாகப்பு ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லி முடிக்கும் நேரம் யோசித்தான்.

"வரிசைப்படி வாறன்," என்றான்.

புருஷனும் பெண்சாதியும் ஐந்து நாளில் பதினொரு வளவையும் மொட்டையடித்தார்கள். கூலி வந்தது. பொங்கலன்று பதினொரு வீட்டுப் பொங்கலும் வந்தது. தின்று களைத்து, பின்னேரம் இருவரும் குளக்கட்டில் காலாற நடந்தார்கள்.

"இஞ்சாருங்கோ, வெயில் காலத்தில குளம் வத்துமெல்லோ?" என்று அற்புதம் மெதுவாகக் கேட்டாள்.

"அதுக்கு முன்னம் புல்லுக் காய்ஞ்சிடும்."

நிறைந்த குளத்தின் நடுவே, தாமரை இலைகளுக்கிடையில், ஞாபகத்துக்கென்று விற்காமல் வைத்திருந்த அந்த மிதப்புக் கட்டை, கயிற்றின் மறுமுனையில் பதினொரு வீட்டு இரும்பையும் குறி அழியாமல் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு மெல்ல ஆடியது.