வாசலைக் காட்டும் கண்ணாடி

ஃபிலடெல்ஃபியாவின் பழைய வீடுகளில் மாடி ஜன்னலுக்கு வெளியே ஒரு கண்ணாடி இருக்கும். மணி அடித்தால், இறங்காமலே வாசலில் நிற்பவரைப் பார்க்கலாம்.

1811-இல் கட்டிய எங்கள் வீட்டிலும் உண்டு. வாங்கியதும் எல்லோரையும்போலப் பூட்டை மாற்றினோம். வீட்டை விற்ற மிஸஸ் ஹாலோவெல் அந்தக் குளிர்காலத்தில் இறந்தார். அடக்கம் முடிந்த மறுநாள், கண்ணாடியில் அவர் வாசற்படியில் நின்று சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் முந்தைய சொந்தக்காரர்கள். கடைசியில், வீட்டைக் கட்டிய கப்பல் வியாபாரி உயரத் தொப்பியோடு. எல்லார் கையிலும் சாவி.

"பாவம், குளிர்ல நிக்கிறாங்க. போய்த் திறந்து விடேன்" என்றாள் என் மனைவி ஈடித், பச்சை ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டே. திறந்தேன். படியில் யாருமில்லை.

ஈடித் இறந்த பிறகு அந்த வரிசையில் நிற்கவில்லை. அவள் சாவி இன்னும் பூட்டுக்குப் பொருந்தியது. சாயங்காலமானால் கீழே கதவு திறந்து மூடும் சத்தம் கேட்கும்.

என்னால் படியேற முடியாமல் போய், வீட்டை விற்றேன். வாங்கிய ஜெனெல்லிடம், "பூட்டை மட்டும் மாத்திடாதம்மா" என்று கெஞ்சினேன்.

"அதுக்கென்ன சார், இருந்துட்டுப் போகட்டும்" என்று சிரித்தாள்.

நேற்று நான் இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போன் செய்தாள்.

"சார், மாடிக் கண்ணாடியில ஒரு அம்மா தெரியறாங்க. பச்சை ஸ்வெட்டர். சாவியைப் போட்டுத் திருகிட்டே இருக்காங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"