ஆமை வச்ச காலடி

ஓடைக்குக் குறுக்கே எல்லாருமா சேர்ந்து ஒரு பாலம் கட்டினாங்க. யாரு வேணும்னாலும் குச்சியோ கொடியோ கொண்டாரலாம். ஒரே கட்டுப்பாடு, கொண்டாந்தவங்க கரையில இருக்குற ஈரமண்ணுல காலைப் பதிச்சுட்டுப் போகணும். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரைப் போய்க் கேக்குறது? அந்த மண்ணுக்குக் காவல், ஆமை.

ஒருநாள் பாம்பு நீளமா ஒரு கொடியை இழுத்துக்கிட்டு வந்துச்சு.

"காலை வைப்பா," என்றது ஆமை.

"ஏண்ணே, கால் இருந்தா நான் ஏன் வயித்தாலயே வர்றேன்? என் பேரும் வெளிய வேணாம். தெரிஞ்சா ஒரு எலிகூட பாலம் ஏறாது."

அவ்வளவு நீளக் கொடியை விட்டுட ஆமைக்கு மனசு வரலை. தன் காலையே பதிச்சு வச்சுருச்சு.

கொடி உள்ளுக்குள்ள இத்துப்போயிருந்துச்சு. மழை நாள்ல நடுப்பாலத்துல அறுந்து, எலியம்மாவோட குட்டி ஓடையோட போயிருச்சு.

அறுந்த கொடியோட வந்த எலியம்மா மண்ணைப் பாத்தா. "இது உங்க காலுண்ணே."

ஆமைக்குத் தலையை ஓட்டுக்குள்ள இழுத்துக்கணும் போல இருந்துச்சு. இழுக்கலை.

"ஆமாம்மா. என் காலுதான்."

"அப்ப இந்தக் கரையில உங்களுக்கு இடமில்ல."

ஆமை நடக்க ஆரம்பிச்சுது. அப்பதான் புதரை விட்டு பாம்பு வெளிய வந்துச்சு. கரையில கூடியிருந்த எல்லாரும் சிதறி ஓடினாங்க. எலியம்மா மட்டும் நகரலை. பாம்பு அந்தக் காலடிக்குப் பக்கத்துல, தலையிலேருந்து வால் வரைக்கும் ஈரமண்ணுல அழுந்தப் படுத்து எந்திரிச்சுது.

எலியம்மா அந்த நீளத் தடத்தையே பாத்துக்கிட்டு நின்னா.

"இதே மாதிரி அன்னைக்கே படுத்திருக்கலாம்ல?"