எட்டு ரப்பர் புஷ்

கண்ணப்பன் கட்டைவிரல் நகத்தை ரப்பர் புஷ்ஷில் அழுத்தி எடுத்தான். தடம் அப்படியே நின்றது.

நல்ல ரப்பர் என்றால் நகத்தை எடுத்ததுமே தடம் மறைந்துபோயிருக்கும்.

"இது வேணாம்ணே."

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் பாண்டுரங்கன் முப்பது வருஷமாக வண்டிச் சாமான் விற்கிறவர். ஜீப்காரர்கள் உள்ளே நுழையும்போதே விலையைக் கேட்டுக்கொண்டு நுழைவார்கள். இவன் என்னடாவென்றால் அரை மணி நேரமாக விலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஒவ்வொன்றாக மோந்து பார்க்கிறான், வளைத்துப் பார்க்கிறான், வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறான்.

ஸ்பிரிங் பட்டையின் முனையில் உருட்டி வைத்த துளைக்குள் உட்காருகிற சின்னச் சாமான் அது. சக்கரம் குழியில் இறங்கும்போதெல்லாம் இரும்போடு இரும்பு மோதாமல் நடுவில் இருந்து அடி வாங்குவது அதன் வேலை. ஒரு ஜீப்புக்கு எட்டு.

கண்ணப்பனுடைய ஜீப் பட்டாளத்து ஏலத்தில் வந்த பழசு. அது ஓடுகிற வழியை வழி என்றே சொல்ல முடியாது. ஒரகடத்துக்கு மேற்கே ஏரிக்கரை மேல் ஏறி, கல்குவாரி லாரிகள் உழுதுபோட்ட தடத்தில் இறங்கி, ஆறு மைல் குதித்துக் குதித்துத்தான் தார்ச்சாலையைப் பிடிக்க வேண்டும். போக ஒரு தரம், வர ஒரு தரம்.

"பித்தளையில போட்டுக்கயேன். அஞ்சு வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்," என்றார் பாண்டுரங்கன்.

பித்தளைக்கு வாராவாரம் கிரீஸ் அடிக்க வேண்டும். அடிக்கலாம். ஆனால் குவாரித் தூசி கிரீஸோடு சேர்ந்தால் அரமாகிவிடும். உள்ளே இருக்கும் போல்ட்டையே தின்றுவிடும். நைலான் நன்றாக உழைக்கும். ஆனால் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. விழுகிற அடி அத்தனையும் பட்டைக்குப் போகும், ஒருநாள் பட்டை முறியும். இதையெல்லாம் ஐந்து மாதமாக ஒவ்வொரு மெக்கானிக்காகத் தேடிப் போய்க் கேட்டு வைத்திருந்தான் கண்ணப்பன்.

அவன் வேண்டாமென்று தலையாட்ட, பாண்டுரங்கன் எழுந்து மேல் தட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார்.

கெட்டியான கறுப்பு ரப்பர். உள்ளே இரும்புக் குழாய் வைத்து ஒட்டவைத்தது. நகம் பதியவில்லை. இரண்டு கையாலும் முறுக்கினான், ஒட்டு விடவில்லை.

இப்போதுதான் விலை கேட்டான்.

மற்றதைப்போல மூன்று மடங்கு.

அவனிடம் இருந்த பணத்துக்கு இரண்டு வேலை இருந்தது. ஒன்று புஷ். இன்னொன்று ஜீப்புக்கு மேல் படுதா. பழைய படுதா நார் நாராகத் தொங்குகிறது. ஜூன் பிறந்துவிட்டது. சாயங்காலம் ஆனால் மேற்கே இடிக்கிறது.

பாண்டுரங்கன் நல்ல மனுஷர். அவரே ஒரு வழி சொன்னார்.

"லோடு பின்னாலதானே? பின்னால நாலு நல்லது போட்டுக்க. முன்னால நாலு சாதா. படுதாவுக்கும் காசு மிச்சம் கீது பாரு."

நியாயமான யோசனைதான். போன வருஷமாக இருந்தால் கண்ணப்பன் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டிருப்பான்.

"எட்டும் இதையே குடுங்கண்ணே. படுதா அப்புறம் பாத்துக்கலாம்."

"மழைக்கு இன்னா பண்ணுவே?"

"நனைஞ்சா தொவட்டிக்கலாம். வண்டி நிக்கக் கூடாது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்படி இன்னாத்தப்பா ஏத்திகினு போறே?"

"பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்கண்ணே. பத்துப் பேர். எங்க ஊருக்கு பஸ் கெடையாது."

பாண்டுரங்கன் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். எட்டையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காகிதத்தில் வைத்துச் சுற்றினார்.

"உனக்கும் பொண்ணு கீதா? அதுவும் இதுலதானே போவுது?"

"இல்லண்ணே. ரத்னாவுக்குத் தையில கல்யாணம் ஆயிடுச்சு."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

ஐப்பசியில் மலிவாகக் கிடைத்ததென்று எட்டு புஷ் வாங்கிப் போட்டிருந்தான். மார்கழியில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஏரிக்கரை மேல் அவை உதிர்ந்துபோய், போல்ட் அறுந்து, பட்டை நழுவி, ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. அன்று பெண்கள் பதினொரு பேர். குவாரி லாரி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, லோடு ஏற்றுகிற ஆட்களோடு கல்லின் மேல் உட்காரவைத்துத்தான் அத்தனை பேரையும் கொண்டுவந்தான். ஊர்முனையில் இறக்கும்போது விளக்கு வைத்தாகிவிட்டது.

டீக்கடையில் யாரோ என்னமோ சொன்னார்கள். சிரித்தார்கள்.

பத்தாவது பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. மறுநாள் காலையில் பத்துப் பெண்களும் குளித்து, தலைபின்னி, பையோடு வந்து நின்றார்கள். அவர்களைப் பெற்றவர்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரே ஒரு அப்பன் மட்டும் தன் பெண்ணிடமிருந்து பையைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டான். அவள் வாசல்வரை அழுதுகொண்டே வந்தாள்.

அவன் திரும்பிப் பார்க்காமல், இரவல் வாங்கிய வண்டியில் ஏறி உட்கார்ந்து, மற்ற பத்துப் பேரையும் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனான்.